பழைய மாடல் பித்தளை புஷ்

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கும் அந்த மனிதரால் ஒரு வாடிக்கையாளர் அரை மணி நேரம் நின்றார். அன்னூர்க்காரர். கிணற்று மோட்டாரில் சீல் போய்விட்டது, வாழை வாடுகிறது என்று பதறிக்கொண்டு வந்தார். நான் பில் போடுவதற்காகக் கம்ப்யூட்டரில் சீலைத் திறக்கிறேன், திரை நடுவில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்துகொள்கிறது: 'இந்த ஐட்டத்தை சென்னியப்பன் திறந்து வைத்திருக்கிறார். அவர் வெளியேறிய பிறகு முயலவும்.'

சென்னியப்பன் எங்கள் பம்ப் சாமான் கடையின் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். ஐட்டத்தைக் கம்ப்யூட்டரில் திறப்பார். திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து போய், ஏணி வைத்து ரேக்கில் ஏறி, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, இறங்கி வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அப்புறம்தான் எண்ணிக்கையைப் பதிவார். அதுவரை வேறு யாரும் அந்த ஐட்டத்தைத் தொட முடியாது. ஒரே கம்ப்யூட்டர் இருந்தவரைக்கும் இந்த வம்பு இல்லை. தீபாவளிக்கு நாலு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அன்றிலிருந்து நாலு பேரும் ஒரே போல்ட்டுக்கு அடித்துக்கொள்கிறோம்.

பின்வாசலில் நின்று கத்தினேன். "ஏனுங்க ஸ்டோர்ஸ்! சீல்ல யாரு உள்ள இருக்கறது? வெளிய வாங்க!"

ஏணி மேலிருந்து பதில் வந்தது. "ஒரே நிமிசமுங்க அம்மிணி! பாதி எண்ணீட்டேன், உட்டா மறுபடி மொதல்ல இருந்து எண்ணோணும்!"

நாலு மணிக்கு போண்டா வந்தது. அது எங்கள் கடைச் சட்டம். யார் பூட்டி வைத்துக் காக்க வைத்தாரோ அவர், காத்திருந்தவருக்கு எதிர்க்கடை போண்டா வாங்கித் தர வேண்டும். சட்டம் போட்டதே நான்தான். எனக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. வீணாக்கக் கூடாது என்று சாப்பிட்டேன்.

சாயங்காலம் முதலாளி கதிர்வேலிடம் சொல்லிவிட்டேன். அவர் அப்பா காலத்திலிருந்து நான் பில்லிங்கில் இருப்பதால் எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. "இந்த மனுசனோட என்னால ஆகாதுங்க தம்பி. சீசன் நேரத்துல இப்புடி நடந்தா யாவாரம் என்னத்துக்காகும்? ஒண்ணு அவரு இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும்" என்றேன். சொன்ன பிறகு மனசு லேசானது.

மார்ச் 6, புதன்

போண்டாவில் மிளகாய் அதிகம்.

மார்ச் 9, சனி

வீட்டில் மிக்ஸி ஓடவில்லை. கடை முழுக்க மோட்டார் சாமான் இருந்து என்ன, என் வீட்டுச் சட்னிக்கு நாதியில்லை. மதியம் தயிர்சாதம் மட்டும்.

சாப்பிடும்போது பார்த்தேன், சென்னியப்பன் மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துவிட்டுச் சாம்பாரை மோந்து பார்த்து ஓரமாக வைத்துவிட்டார். சம்சாரம் தவறியதிலிருந்து இரண்டு வருடமாக மெஸ் சாப்பாடுதான். என் வீட்டுக்காரர் போனபோது எனக்காவது சமைக்கத் தெரிந்திருந்தது. என் மாங்காய் ஊறுகாயில் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன். ஊறுகாய் ரொம்ப நாள் ஆகிவிட்டது, கெட்டுப்போவதற்குள் தீர வேண்டும் அல்லவா.

மிக்ஸியைக் கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியனுப்பினார். அவரை யார் கேட்டது?

மார்ச் 11, திங்கள்

இந்தப் பூட்டுத் தகராறைச் சரிசெய்ய முதலாளி சொல்லியனுப்பி, சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆள் வந்தாயிற்று. ஹசீனா என்று குனியமுத்தூர்ப் பெண். வந்ததும் மேடம் என்றாள், டீ குடித்ததும் அக்கா என்றாள். சுட்டி. எனக்குப் பிடித்துவிட்டது.

பூட்டை எதற்குத்தான் வைத்தார்கள், எடுத்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்டேன். உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

"சீல் நாப்பது இருக்குனு வெச்சுக்குங்க அக்கா. சென்னியப்பன் அண்ணன் திறந்தா அவரு ஸ்கிரீன்ல நாப்பது. நீங்களும் திறந்தா உங்க ஸ்கிரீன்லயும் நாப்பது. நீங்க பத்து வித்துட்டு முப்பதுனு சேவ் பண்றீங்க. அவரு ரெண்டு உடைஞ்சிருக்குனு பாத்து, நாப்பதுல ரெண்டு போக முப்பத்தெட்டுனு சேவ் பண்றாரு. கடைசியா சேவ் பண்ணது மட்டும்தான் நிக்கும். நீங்க வித்த பத்து போன இடம் தெரியாது. அதனாலதான் ஒருத்தர் உள்ள இருந்தா இன்னொருத்தரை விடறதில்ல."

"அப்ப பூட்டு வேணும்ங்கறயா, வேண்டாம்ங்கறயா?"

"திறக்கறப்ப பூட்ட வேண்டாம். ரெண்டு பேரும் தாராளமா உள்ள இருக்கலாம். சேவ் பண்ற நேரத்துல மட்டும் சாஃப்ட்வேர் பாக்கும், இவங்க திறந்ததுக்கப்புறம் வேற யாராச்சும் மாத்தியிருக்காங்களானு. மாத்தியிருந்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டி உங்களையே கேக்கும். உங்களோடதா, அவரோடதா, ரெண்டுமானு."

நல்ல யோசனைதான். இனிமேல் பின்வாசலில் நின்று கத்த வேண்டியதில்லை. என் தொண்டைக்கு விடுதலை.

மார்ச் 13, புதன்

ஹசீனா இன்று என் பக்கத்திலேயே உட்கார்ந்து யார் எதைத் திறக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இது என்ன ஐட்டம்? பித்தளை புஷ், பழைய மாடல். ஸ்டாக் சைபர். இந்த பம்ப்பே இப்ப யாரும் செய்யறதில்லையே. எதுக்குத் திறந்தீங்க?"

கை தவறிப் பட்டுவிட்டது என்றேன். அவள் வாய் மூடுவதற்குள் பின்வாசலில் குரல்.

"ஏனுங்க அம்மிணி! பித்தளை புஷ்ல யாரு உள்ள இருக்கறது? வெளிய வாங்க!"

அவருக்கு மட்டும் அந்த புஷ்ஷில் என்ன வேலை என்று ஹசீனா கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? ஸ்டோர்ஸ்காரரைப் போய்க் கேள் என்றேன். பூட்டியது நான் என்பதால் இன்று போண்டா என் செலவு. நேற்று அவர் செலவு. முந்தாநாள் யார் என்று நினைவில்லை.

"கடையில எல்லாரும் அவரை அண்ணன்னு கூப்புடறாங்க. நீங்க மட்டும் ஏன் ஸ்டோர்ஸ்ங்கறீங்க?" என்றாள்.

"அவரு எனக்கு என்ன அண்ணனா?" என்றேன்.

அந்தப் பெண் குனிந்து கீபோர்டைப் பார்த்துச் சிரித்தாள். இந்த மாதிரிச் செத்த ஐட்டமெல்லாம் கடைசியில் மொத்தமாக நீக்கிவிட வேண்டும், சும்மா இடத்தை அடைக்கிறது என்றும் சொன்னாள். செய்யட்டும்.

மார்ச் 16, சனி

முதலாளி ரூமுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அவர் அப்பா மாதிரியே பேச்சை எங்கோ ஆரம்பித்து எங்கோ கொண்டுவந்தார்.

"நீங்க அன்னிக்குச் சொன்னத யோசிச்சுப் பாத்தனுங்க அக்கா. நீங்க போனா கடை நின்னுரும். உடுமலைல புது பிராஞ்சு தொறக்கறமல்ல, சென்னியப்பண்ணன அங்க அனுப்பீர்றேன். ஏப்ரல் ஒண்ணுல இருந்து. நம்ம சேல்ஸ் சிவானந்தம் அங்க போறேன்னு கேட்டுட்டுத்தான் இருக்கறாப்ல, சொந்த ஊராச்சே. ஆனா புதுக் கடைய நடத்தற அளவுக்கு அனுபவம் பத்தாது. அண்ணன்கிட்ட நேத்தே சொல்லீட்டேன். அவரும் சரின்னுட்டாரு."

நல்லதுங்க தம்பி என்றேன்.

வீட்டுக்கு வந்து பரண் மேலிருந்த பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன். தேய்த்து முடித்தபோதுதான் ராத்திரிக்கு ஒன்றும் சமைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பசியும் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

மகள் ஓசூரிலிருந்து போன் செய்தாள். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். வெயில் என்றேன்.

மார்ச் 19, செவ்வாய்

இன்று ஒரு ஐட்டம்கூடப் பூட்டிக்கொள்ளவில்லை. சென்னியப்பன் முதலில் எண்ணிவிட்டு, சீட்டில் குறித்துக்கொண்டு வந்து, கம்ப்யூட்டரில் திறந்த உடனே பதிந்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார். இத்தனை மாதம் எத்தனை தரம் கத்தினேன், கேட்டாரா? இப்போது கேட்கிறார்.

பில்லிங் மளமளவென்று ஓடியது. யாரும் காத்திருக்கவில்லை. நாலு மணிக்கு எதிர்க்கடையில் போண்டா வாசனை வந்தது. யாருக்கும் யாரும் வாங்கித் தர வேண்டிய அவசியம் இல்லை.

நிம்மதியாக இருந்தது. இரண்டு பில் தப்பாகப் போட்டேன்.

மார்ச் 20, புதன்

புது சாஃப்ட்வேர் போட்டாயிற்று. இனிமேல் யார் எதை வேண்டுமானாலும் திறக்கலாம். ஹசீனாவுக்கு என் கையால் தக்காளிசாதம் கொண்டுபோயிருந்தேன். அதிகமாகத்தான் கொண்டுபோயிருந்தேன், ஸ்டோர்ஸுக்கும் ஒரு டப்பா. டப்பா கழுவித் திரும்பி வந்தது. ஆள் வரவில்லை, சிவானந்தத்திடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

மார்ச் 23, சனி

எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நேற்று கப்ளிங் வந்தது. பில்லில் பன்னிரண்டு என்று இருந்ததால் பன்னிரண்டு என்று போட்டு சேவ் செய்தேன். உடனே ஹசீனா சொன்ன அந்தத் திரை வந்தது. இடது பக்கம் சென்னியப்பன், ஒன்பது. வலது பக்கம் நான், வசந்தாமணி, பன்னிரண்டு. எது வேண்டும்?

அந்த மனிதர் ஒன்பது என்று போட்டால் ஒன்பதுதான் இருக்கும். தொட்டு எண்ணாமல் போடமாட்டார். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உடுமலைக்குச் சரி என்று சொன்னவர்தானே? 'என்னுடையது' என்பதை அழுத்தினேன்.

இன்று காலையில் சூலூரிலிருந்து ஒருவர் பன்னிரண்டு கப்ளிங் கேட்டார். கம்ப்யூட்டர் இருக்கிறது என்றது, வரச் சொன்னேன். வேனோடு வந்துவிட்டார். எடுக்கப் போனால் மூன்று விரிசல் விட்டது, நல்லது ஒன்பது. சென்னியப்பன் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் கணபதி ஏரியா வரைக்கும் போய், தெரிந்த கடையில் மூன்றை வாங்கி வந்து வேனில் ஏற்றிவிட்டார்.

"வந்துருச்சுங்க அம்மிணி. நீங்க பில்லக் குடுங்க" என்றார். முதலாளிக்கு இன்னும் தெரியாது.

சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

முதலாளியிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "அதான் இப்ப பூட்டே உழறதில்லீங்களே தம்பி. அப்புறம் எதுக்குங்க ஆள மாத்தறது?"

"அட, ஒண்ணு அவரு, இல்ல நானுன்னு சொன்னது நீங்கதானுங்க அக்கா? உங்க பேச்சக் கேட்டுத்தான எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. போர்டே எழுதக் குடுத்தாச்சு."

என் வாயே எனக்குச் சனி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. என்ன உண்மை என்று கேட்டால் என்ன சொல்வது? இந்த வயதில், மருமகன் எடுத்த பிறகு, கடையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். கண்ணைத் துடைத்தால் தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், இதற்கு என்ன சொல்வது?

மார்ச் 27, புதன்

பொறுக்க முடியாமல் ஸ்டோர்ஸுக்கே போய்விட்டேன். ஏணிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் சொந்தச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். டம்ளர், சீப்பு, பழைய டார்ச். என் ஊறுகாய் பாட்டிலும் அதில் இருந்தது. காலி பாட்டில், கழுவித் துடைத்தது.

"கேட்ட உடனே சரின்னுட்டீங்களாமே?" என்றேன்.

அவர் சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு அவரு, இல்ல நானுன்னு நீங்க சொன்னதா தம்பி சொன்னாருங்க அம்மிணி. நீங்க இத்தன வருசமா இருக்கற எடம். நீங்க எதுக்குப் போகோணும்? அதான் நானே போறேன்னுட்டனுங்க."

"கோவத்துல சொன்னதுங்க அது."

"இருக்கட்டுமுங்க. நாந்தான் வேணும்னே பாதி நாள் பூட்டி வெச்சேன். தப்பு என்ற மேலதான்."

"எதுக்கு வேணும்னே பூட்டுனீங்க?"

அதற்குள் சிவானந்தம் பேரிங் கேட்டு வந்துவிட்டார். சென்னியப்பன் ஏணியில் ஏறிவிட்டார். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்துவிட்டேன்.

நானும் வேண்டுமென்றேதான் பூட்டினேன். அதை அங்கே சொல்லாமல் வந்து இங்கே எழுதுகிறேன், கெட்டிக்காரி.

மார்ச் 30, சனி

அவருக்குக் கடைசி நாள். முதலாளி பொன்னாடையும் கேக்கும் வாங்கி வைத்திருந்தார். நாலரைக்கு எல்லோரும் ரூமுக்கு வர வேண்டும்.

நாலு மணிக்கு என் கை பழக்கதோஷத்தில் பித்தளை புஷ்ஷைத் திறந்தது. பழைய மாடல். ஸ்டாக் சைபர். பெட்டி எதுவும் வந்து மறிக்கவில்லை, அந்தக் காலம் போய்விட்டது. கீழே குறிப்பு எழுதுகிற கட்டம் ஒன்று காலியாக இருந்தது. அதில் 'போக வேண்டாம்' என்று அடித்தேன். யார் பார்க்கப்போகிறார்கள், வருடக்கணக்கில் யாரும் கேட்காத ஐட்டம். சேவ் செய்தேன்.

திரை வந்தது. 'நீங்கள் திருத்திக்கொண்டிருந்தபோது சென்னியப்பன் இந்தப் பதிவை மாற்றியிருக்கிறார்.'

வலது பக்கம் நான் எழுதியது. இடது பக்கம் அவர் எழுதியது: 'புதுசாக ஸ்டோர்ஸ் பார்க்க வருகிறவருக்கு. இந்த ஐட்டத்தை அழிக்க வேண்டாம். நாலு மணிக்கு பில்லிங்கில் தேடுவார்கள்.'

உங்களுடையதா, அவருடையதா, இரண்டுமா?

எனக்குத் திரை மங்கலாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு 'இரண்டும்' என்பதை அழுத்தினேன். எழுந்து நேராக முதலாளி ரூமுக்குப் போனேன். எல்லோரும் வந்துவிட்டிருந்தார்கள். பொன்னாடை முதலாளி கையில் இருந்தது. சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"தம்பி, அவரு உடுமலைக்குப் போக வேண்டாமுங்க."

"அக்கா, நீங்கதான..."

"நான்தான் சொன்னேன். நானே வேண்டாம்ங்கறேன். எனக்கு அவரு இங்க இருக்கோணும்."

முதலாளி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கடைக்குங்களா அக்கா?" என்றார்.

"கடைக்குன்னா சொன்னேன்? எனக்குன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டேன். என் காதெல்லாம் சுட்டது. சென்னியப்பன் சட்டைப் பையில், மேஜை மேல், எங்கெங்கோ தடவிக் கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிவானந்தத்தையே உடுமலைக்கு அனுப்பலாமுங்க தம்பி. ஆரம்பத்துல வாரத்துல ரெண்டு நாளு நான் போய்ச் சொல்லிக் குடுத்துட்டு, பொழுதோட இங்க வந்தர்றனுங்க" என்றார்.

சிவானந்தம்தான் முதலில் கை தட்டினார். அவருக்கென்ன, சொந்த ஊருக்குப் போகிறார். முதலாளிக்கு வாயெல்லாம் பல். பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் சிவானந்தத்துக்குப் போர்த்திவிட்டார்.

மார்ச் 31, ஞாயிறு

மகள் போன் செய்தாள். சொல்லிவிட்டேன். அவள் வாய் திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சாப்பாட்டுக்கு அவரு எங்கம்மா பண்றாரு?" என்று கேட்டாள்.

மெஸ் என்றேன். "ஐயோ பாவம்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் அவளும் அழுதாள், நானும் அழுதேன், எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மிக்ஸியைத் துடைத்துப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏப்ரல் 1, திங்கள்

சரியான கூட்டம். அன்னூர்க்காரர் மறுபடி வந்தார், இந்தத் தரம் உடனே பில் போட்டுக் கொடுத்தேன். இன்று பூட்டு, மோதல் எதுவும் இல்லை. ஆனாலும் நாலு மணிக்கு போண்டா வந்தது. ஆளே நேரில் கொண்டுவந்தார்.

"இன்னிக்குத்தான் யாரும் யாரையும் காக்க வெக்கலியே, எதுக்குங்க இது?" என்றேன்.

"ரெண்டு வருசம் வெச்சனுங்களே அம்மிணி" என்றார்.

நானும்தான் வைத்தேன் என்றேன். பங்கு போட்டுச் சாப்பிட்டோம். மிளகாய் அதிகம்தான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஹசீனா கூப்பிட்டாள். "அக்கா, பழைய ஐட்டமெல்லாம் இன்னிக்கு நீக்கறோம். ஸ்டாக் இல்லாதது, விக்காதது எல்லாம் லிஸ்ட்ல எடுத்துட்டேன். அந்தப் பித்தளை புஷ்ஷும் இருக்கு. நீக்கிரலாம்தானே?"

அது இருக்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் பார்க்கிற ஐட்டம் என்றேன்.